வேலைவாயிலில் வயதுச் சான்று: வேலை கொடுப்போர் கடமை

உழைத்தவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட்டால் வேலை கொடுப்பவருடைய கடமை தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. கூலிக் கணக்கில் ஒருவர் பெயரை எழுதுமுன், அந்த வேலையைச் செய்வதற்குச் சட்டப்படி அவர் தகுதியுடையவர்தாமா என்று அறிந்துகொள்வதும் வேலை கொடுப்பவருடைய கடமையேயாகும். இத்தகுதிகளுள் முதன்மையானது வயது. நான்கு தறி வைத்திருக்கும் நெசவாளரும், பத்து ஏக்கர் பருத்தி விளைவிக்கும் வேளாளரும், நூறு பேர் வேலை செய்யும் நூற்பாலை நிர்வாகியும் இக்கடமையில் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். சட்டம் தறியின் எண்ணிக்கையையோ நிலத்தின் பரப்பையோ கேட்பதில்லை, "இப்பிள்ளைக்கு வயது என்ன? அதை எவ்வாறு அறிந்தீர்?" என்ற இரு கேள்விகளையே கேட்கின்றது.

முதற்கேள்விக்கு விடை சொல்லிவிடுவது எளிது. இரண்டாம் கேள்வியில்தான் பலர் தடுமாறுகின்றனர். "பார்த்தால் பதினாறு வயது போலத் தோன்றியது", "தகப்பனார் சொன்னார்", "முகவர் எழுதிக் கொடுத்தார்" என்பவை விடைகளாகா. ஏன் ஆகா என்பதையும், எவை விடையாகும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பல்லைப் பார்த்து வயது சொன்ன காலம்

ஆலைத் தொழில் முதன்முதலாகத் தழைத்த நாடு இங்கிலாந்து. ஆலைகளில் பிள்ளைகள் உழைப்பதற்கு வரம்பு கட்டி, அவ்வரம்பைக் காக்க அரசாங்க ஆய்வாளர்களையும் முதன்முதலில் அமர்த்திய சட்டம் அங்கே 1833ஆம் ஆண்டில் வந்தது. பட்டு ஆலைகள் நீங்கலான நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்தலாகாது. ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தலாகாது. அவர்களுக்கு அன்றாடம் இரண்டு மணி நேரமாவது பள்ளிப் படிப்பு வேண்டும் என்பன அதன் விதிகள். நாடு முழுவதற்கும் அமர்த்தப்பெற்ற ஆய்வாளர் நால்வரே.

விதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயது நிரம்பிவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது? அந்நாட்டில் பிறப்பைப் பதிவு செய்யும் அரசாங்க ஏற்பாடு 1837ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் தொடங்கியது. ஆகவே, "ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இயல்பாக உள்ள உடலுறுதியும் தோற்றமும் இப்பிள்ளைக்கு உண்டு" என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தாற் போதும் எனச் சட்டம் ஏற்றுக்கொண்டது. விளைவை எளிதில் ஊகிக்கலாம். உயரமாக வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளை ஆலைக்குள் சென்றது. உண்ண உணவின்றிக் குன்றிய பத்து வயதுப் பிள்ளையின் உண்மை வயதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வாயைச் சோதித்து, உயரத்தைவிடப் பற்களே வயதுக்கு நம்பகமான அடையாளம் என்று 1837ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதிப் பாராளுமன்றத்தின் பார்வைக்கு வைத்தார்.

இதைப் படித்து நகைக்க வேண்டுவதில்லை. தலைக்கு மேலாக வலக்கையை வளைத்து இடக்காதைத் தொடச் சொல்லி, விரல் எட்டினால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட வழக்கம் நம் ஊர்களிலும் நெடுங்காலம் இருந்தது. பதிவேடு இல்லாத இடத்தில் உடலே பதிவேடாகக் கொள்ளப்பட்டது. ஆனால் வறுமை உடலைக் குறுக்குகின்றது. பாரம் சுமந்த பிள்ளையின் முகம் முதிர்ந்து தோன்றுகின்றது. தோற்றத்தை நம்புகின்றவர், எந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு மிகுதியாக வேண்டுமோ அந்தப் பிள்ளையின் பொருட்டே தவறிழைத்துவிடுகின்றார். வயதைக் கண்ணால் அளப்பதை விடுத்து ஏட்டால் அளக்க வேண்டும் என்ற கொள்கை இவ்வாறே பிறந்தது.

நம் நாட்டில் சட்டம் வளர்ந்த வழி

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அது விதித்த குறைந்த வயது ஏழு. 1891இல் அது ஒன்பதாக உயர்ந்தது; 1922இல் பன்னிரண்டாயிற்று. பெற்றோர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லா என்று 1933ஆம் ஆண்டுச் சட்டம் அறிவித்தது. நாடு விடுதலை பெற்றபின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குறைந்த வயதைப் பதினான்கு ஆக்கியது. தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலை ஆகியவற்றில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அமர்த்தலாகாது என்று அரசியலமைப்பின் 24ஆவது பிரிவு உறுதி கூறுகின்றது. ஏழு வயதிலிருந்து பதினான்கு வயதை எட்டுவதற்கு நாம் அறுபத்தேழு ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. பதினான்கு வயது நிரம்பிய இளையோர் ஆலையில் வேலை செய்ய வேண்டுமானால், அரசு நியமித்த மருத்துவர் வயதையும் உடல் தகுதியையும் சோதித்துச் சான்றிதழ் தரவேண்டும். அச்சான்றிதழ் நிர்வாகியிடம் இருக்க, அதைக் குறிக்கும் வில்லையை இளையவர் தம்மோடு வைத்திருக்க வேண்டும். சான்றிதழுக்கான கட்டணத்தை ஆலைக்காரரே செலுத்தவேண்டும்; பிள்ளையிடமோ பெற்றோரிடமோ அதைப் பிடித்தம் செய்தலாகாது. இஃது ஒன்று. வழக்கு நேர்ந்து, வேலை செய்தவர் வயது குறைந்தவர் என்றே நீதிமன்றத்துக்குத் தோன்றுமானால், அவர் வயது குறைந்தவரல்லர் என்று மெய்ப்பிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழும் என்பது மற்றொன்று. அச்சட்டத்தின் இடத்தை 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஏற்றுக்கொண்டுவிட்டது. எனினும், அது கற்பித்த நெறி பழையதாகிவிடவில்லை. வேலையால் பயன் பெறுகின்றவர் எவரோ, அவரே வயதை உறுதிசெய்யும் செலவையும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பதே அந்நெறி.

இன்று நடப்பிலுள்ள சட்டம்

பிள்ளைகளின் உழைப்பைப் பற்றி இன்று நம்மை நேரே ஆள்வது 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் தடை, முறைப்படுத்தல் சட்டமாகும். 1986இல் அது சில தொழில்களை மட்டுமே பட்டியலிட்டு அவற்றில் பிள்ளைகளைத் தடுத்தது. கம்பள நெசவும், துணி அச்சிடுதல், சாயமிடுதல், நெய்தல் ஆகியவையும் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தன என்பதை நெசவாளர் நினைவிற் கொள்ளவேண்டும். பட்டியலில் இல்லாத வேலைகளில், குறிப்பாக வயல் வேலைகளில், அந்நாளில் முழுத் தடை இல்லை.

2016ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நிலையை மாற்றிவிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் தொட்டு விதி பின்வருமாறு அமைந்தது:

பதினான்கு வயது நிரம்பாதவர் சட்டத்தின் பார்வையில் குழந்தை. குழந்தையை எந்தத் தொழிலிலும், எந்த வேலையிலும் அமர்த்தலாகாது.

பதினான்கு நிரம்பிப் பதினெட்டு நிரம்பாதவர் வளரிளம் பருவத்தினர். சுரங்கம், தீப்பற்றும் பொருள்கள், வெடிபொருள்கள், சட்டம் அபாயகரமானவை என்று குறித்த பிற செய்முறைகள் ஆகியவற்றில் இவர்களை அமர்த்தலாகாது. பிற வேலைகளில் வரம்புக்குட்பட்டு அமர்த்தலாம்.

வரம்புகளாவன: தொடர்ந்து மூன்று மணி நேரம் உழைத்தால் அதன்பின் ஒரு மணி நேர ஓய்வு; ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேற்படாத வேலை; இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலையின்மை; மிகைநேர வேலையின்மை; வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை.

சட்டம் "நிறுவனம்" என்று சொல்லும்போது பட்டறை, கடை, உணவு விடுதி ஆகியவற்றோடு பண்ணையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றது. ஆகவே, "இஃது ஆலைக்காரர் சங்கதி, நமக்கென்ன?" என்று வேளாண் பெருமக்கள் இருந்துவிடுதல் கூடாது. கலப்பினப் பருத்தி விதை உற்பத்தியை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டில் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து முதல் கலப்பினப் பருத்தி வெளிவந்தது முதல், ஒவ்வொரு மொட்டிலும் மகரந்தப் பையைக் கையால் நீக்கி, மறுநாள் காலையில் வேற்று மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவும் வேலை வளர்ந்தது. சிறு பிள்ளைகளின் மெல்விரல்தான் இதற்கு ஏற்றது என்று சொல்லிச் சிறுமியரை வயலுக்குக் கொண்டுவந்தனர். மெல்விரல் என்பது சாக்கு. குறைந்த கூலியே காரணம். பூச்சிமருந்து தெளித்த செடிகளுக்கிடையே, பள்ளி நடக்கும் மாதங்களில், விடியலிலேயே அவ்வேலை நடந்தது. இன்று அவ்வயலில் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை கூலிக்கு நிற்குமானால், வயலுக்குரியவர் குற்றவாளியாவார்.

தண்டனையும் சிறியதன்று. குழந்தையை வேலைக்கு அமர்த்தியவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய்க்குக் குறையாமல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். மறுமுறையும் அதே குற்றம் செய்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. நீதிமன்ற ஆணைக்குக் காத்திராமல் காவல்துறையினர் நேரே நடவடிக்கை எடுக்கத்தக்க குற்றம் இது. வளரிளம் பருவத்தினரை அமர்த்திவிட்டுப் பதிவேடு வைக்கத் தவறினாலும் ஒரு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

குடும்பத் தறியும் குடும்ப நிலமும்

"என் மகன் என் தறியில் தார் சுற்றினால் அதுவும் குற்றமா?" என்று நெசவாளர் கேட்பது இயல்பே. தொழில் குடும்பத்தோடு வருகின்றது. தாய் தந்தையர் அருகிலிருந்து கற்ற கையே நல்ல கை என்பதைச் சட்டமும் மறுக்கவில்லை. பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவலாம் என்று அது இடம் கொடுத்திருக்கின்றது. ஆயினும் அந்த இடத்துக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் தெளிவான வேலி இட்டிருக்கின்றன.

உதவி நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படலாகாது. பள்ளி நேரத்திலும், இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரையிலும் கூடாது. பெரியவர் ஒருவர் செய்யவேண்டிய வேலையைப் பிள்ளையின் தலையில் கட்டலாகாது. அட்டவணையில் அபாயகரமானவை என்று குறித்த வேலைகளில் குடும்பத்தார் என்ற காரணத்தாலும் சேர்த்தலாகாது. சாயம், அமிலம், விசைப்பொறி, பூச்சிமருந்து ஆகியவை உள்ள இடங்களில் நடப்பிலுள்ள அட்டவணையைத் தொழிலாளர் துறை அலுவலகத்திற் கேட்டறிந்த பின்னரே எதையும் முடிவு செய்யவேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு: உற்பத்தி முதல் விற்பனை வரையுள்ள எந்தப் படியிலும், பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ கூலி ஈட்டித் தரும் வேலையாக அவ்வுதவி இருத்தலாகாது.

கடைசி விதியைக் கூர்ந்து படிக்கவேண்டும். சொந்தத் தறியில் விடுமுறை நாளில் அன்னைக்குத் தார் எடுத்துக் கொடுப்பது வேறு. முதலாளியிடம் நூல் வாங்கி, புடவை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அதை விரைந்து முடிப்பதற்காகப் பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பது வேறு. முன்னது உதவி, பின்னது உழைப்பு. இன்னும் ஒன்று: குடும்பம் என்றால் பெற்றோர், உடன்பிறந்தார், பெற்றோருடைய உடன்பிறந்தார் ஆகியோரே. அண்டை வீட்டார் தறிக்கும், ஒன்றுவிட்ட உறவினர் வயலுக்கும் இச்சலுகை இல்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை இதற்கு நல்ல சான்று. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமுமாக நெய்யும்போது, மூன்று நாடாக்கள் ஓடவேண்டியிருப்பதால், நெசவாளருக்குப் பக்கத்தில் கரை நாடாவை எறிந்து வாங்க ஒரு துணையாள் வேண்டும். அத்துணையாள் இடத்தில் பன்னெடுங்காலம் பிள்ளைகளே உட்கார்ந்தனர். அவர்களுள் பலர் தம் குடும்பத் தறியில் இருந்தவரல்லர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறியில் இருந்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே அத்தகைய கடனைச் செல்லாததாக்கிவிட்டது. முன்பணம் கொடுத்திருக்கின்றோம் என்பது பிள்ளையை நிறுத்திவைக்க உரிமையாகாது. அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

எந்தச் சான்றைக் கேட்பது?

வயதை முடிவு செய்யும் வரிசையைச் சிறார் நீதிச் சட்டம் (2015) தன் 94ஆவது பிரிவில் வகுத்திருக்கின்றது. வேலை கொடுப்போருக்கும் அதனினும் நல்ல வழிகாட்டி இல்லை.

முதலாவது, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புத் தேர்வுச் சான்றிதழ். இரண்டாவது, மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இவ்விரண்டும் இல்லாதபோது மட்டுமே மூன்றாவதாக மருத்துவச் சோதனை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்களுக்கோ, பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்குரிய சான்று என்று சட்டம் வகுத்துவிட்டது. ஆகவே, வருங்காலத்தில் இப்பணி எளிதாகும்.

ஆதார் அட்டையைக் காட்டினால் போதாதா என்று பலர் கேட்கின்றனர். போதாது. அஃது இன்னார் என்று காட்டும் அட்டை. இத்தனை வயது என்று மெய்ப்பிக்கும் அட்டையன்று. தொழிலாளர் வருங்கால வைப்புநிதி நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்த தேதிக்குரிய சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கிற்று. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதாரில் உள்ள தேதியை விடுத்துப் பள்ளி விலகல் சான்றிதழில் உள்ள தேதியையே வயதுக்குக் கொண்டது.

சான்றை வாங்கியபின் செய்யவேண்டுவன சில உண்டு. பெயரும் தந்தை பெயரும் பிற ஏடுகளோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். தேதி அழித்து எழுதப்பட்டிருக்கின்றதா என்று நோக்கவேண்டும். ஐயமிருந்தால் பள்ளித் தலைமையாசிரியரையோ, கிராம நிர்வாக அலுவலரையோ நேரிற் கேட்டுவிடலாம். அரை நாள் செலவு ஒரு பெருந்துன்பத்தைத் தவிர்க்கும். முகவர் மொத்தமாகக் கொண்டுவந்து கொடுக்கும் தாள்களைத் தனித்தனியே சரிபார்க்காமல் ஏற்றலாகாது. மூலச் சான்றிதழைப் பார்த்துப் படி எடுத்துக்கொண்டு, மூலத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது, ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

கணக்கிடும் முறையிலும் கவனம் வேண்டும். 2012ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் பிறந்த சிறுவன் 2026ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வேலை கேட்டு வந்தால், ஆண்டை மட்டும் கழித்துப் பதினான்கு என்பர் சிலர். உண்மையில் அவனுக்குப் பதின்மூன்று வயதும் சில மாதங்களுமே ஆகியிருக்கும். சட்டம் கேட்பது நிரம்பிய வயதை, நடக்கும் வயதையன்று.

அமர்த்தத் தக்க வளரிளம் பருவத்தினருக்குத் தனிப் பதிவேடு வைப்பது கட்டாயம். பெயரும் பிறந்த தேதியும், வேலை நேரமும் ஓய்வு நேரமும், வேலையின் தன்மையும் அதில் இருத்தல் வேண்டும். ஆய்வாளர் வந்து கேட்டபின் எழுதும் பதிவேடு பதிவேடாகாது. முதல் நாள் வேலை தொடங்குமுன் எழுதுவதே பதிவேடு.

சான்று இல்லாதவர் வந்தால்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். விதியைக் கடுமையாகப் பின்பற்ற எண்ணிச் சிலர், தாள் இல்லாத எவரையும் வாயிலிலேயே திருப்பிவிடுகின்றனர். வீட்டிலேயே பிறந்து, பள்ளி வாயிலை மிதியாத நாற்பது வயதுப் பெண்மணிக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? அவர் குழந்தையல்லர் என்பதைக் காணச் சோதனையும் வேண்டா. பிள்ளையைக் காக்க வந்த விதியைக் கொண்டு முதியவரின் பிழைப்பைக் கெடுத்தல் நீதியன்று. பதினெட்டை அண்டியவர் என்று ஐயுறத்தக்க இளையோர் வரும்போதே சான்று இன்றியமையாததாகின்றது.

அத்தகைய இளையவரிடம் சான்று இல்லையாயின், வேலையை உடனே கொடுத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல், சான்று பெற வழிகாட்டவேண்டும். படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். பிறப்பு முன்பே பதிவாகியிருந்தால் பதிவாளரிடம் படி பெறலாம். பதிவே செய்யப்படவில்லையென்றால், ஓராண்டு கடந்த பிறப்புகளையும் உரிய நடுவரின் ஆணை பெற்றுப் பதிவு செய்ய வழியுண்டு. இவற்றில் ஒன்றும் கைகூடாதபோதே மருத்துவரிடம் செல்லவேண்டும். எலும்பு வளர்ச்சியைக் கொண்டு சொல்லும் வயது இருபுறமும் இரண்டாண்டு வரை பிழைபடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டிலேயே கூறியிருப்பதால், அதைக் கடைசி வழியாகவே கொள்ளவேண்டும். எனினும், ஆய்வாளருக்கும் வேலை கொடுத்தவருக்கும் வயதைப் பற்றி வழக்கு நேர்ந்தால், சட்டம் குறித்த மருத்துவ அதிகாரி அளிக்கும் சான்றே முடிவானது.

வயது குறைவு என்று கண்டால்

சரிபார்த்தபோது பிள்ளைக்குப் பதினான்கு நிரம்பவில்லை என்று தெரியவருமானால் என் செய்வது? "போய்விடு" என்று சொல்லிக் கதவை அடைத்துவிட்டால் நம் கை சுத்தமாகலாம். பிள்ளையின் நிலை சீராகாது. அடுத்த தெருவில் கேள்வி கேட்காத ஒருவர் இருப்பார். அங்கே கூலி இன்னும் குறைவாக இருக்கும். வேலை கேட்டு வந்த பிள்ளை பெரும்பாலும் ஒரு வீட்டின் இல்லாமையைச் சுமந்துகொண்டு வருகின்றது.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்த பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதை நன்குணர்ந்தது. சட்டத்தை மீறி அபாயத் தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். அக்குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். இயலாவிட்டால் அரசு 5,000 ரூபாயை நிதியில் சேர்க்கவேண்டும். பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வரை அந்நிதியின் வருவாய் குடும்பத்துக்குப் போகவேண்டும் என்று அது பணித்தது. பிள்ளையின் கூலி நின்றால் வீட்டின் அடுப்பு எரிய வழி வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் உட்கருத்து. திருத்தப்பட்ட சட்டத்திலும், முதலாளியின் அபராதத் தொகையோடு அரசு 15,000 ரூபாய் சேர்த்துப் பிள்ளையின் பெயரில் வைக்கும் மறுவாழ்வு நிதி ஏற்பட்டுள்ளது.

நாமும் அவ்வழியே நடக்கலாம். வயது குறைந்த பிள்ளை வேலை கேட்டு வந்தால், அவ்வீட்டில் வேலை செய்யத்தக்க பெரியவர் உண்டா என்று முதலிற் கேட்போம். உண்டெனில் அவருக்கு அவ்வேலையைக் கொடுப்போம். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கத் துணைசெய்வோம். கல்வி உரிமைச் சட்டம் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்று அது கூறுகின்றது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுத்தலாகாது என்றும் விதிக்கின்றது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். பள்ளிவாயிலில் சான்று இல்லாவிடினும் பிள்ளை உள்ளே செல்லலாம். வேலைவாயிலில் சான்று இல்லாமல் உள்ளே செல்லலாகாது. பிள்ளை கொடுமைக்கு ஆளாகியிருப்பதாகத் தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பது எவருக்கும் உரிய கடமை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனியொரு நெசவாளர் சான்று கேட்டால், "அவர் கேட்பதில்லையே, நீர் மட்டும் ஏன் கேட்கின்றீர்?" என்று பெற்றோர் மனம் நோவர்; ஆளும் வேறிடம் போய்விடுவார். எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் அதுவே ஊர் வழக்கமாகிவிடும். கூட்டுறவின் வலிமை இவ்விடத்தில்தான் பயன்படுகின்றது.

நூல் கொடுத்துத் துணி வாங்கும் சங்கமும், விதையும் உரமும் கொடுத்து விளைபொருள் வாங்கும் சங்கமும், அங்கத்தினர் தறியிலும் நிலத்திலும் யார் உழைக்கின்றார் என்பது தமக்குத் தொடர்பில்லாத செய்தி என்று இருந்துவிடலாகாது. பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, வெளியாள் அமர்த்தும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வயதுச் சான்றின் படியும் பதிவேடும் வைத்திருக்கவேண்டும் என்று விதிக்கலாம். பதிவேட்டு ஏடுகளைச் சங்கமே அச்சிட்டு அடக்க விலைக்குத் தரலாம். எழுதப் படிக்க அறியாத அங்கத்தினருக்குச் சங்கத்தின் எழுத்தர் சான்றைப் படித்துச் சொல்லி உதவலாம். பிறப்புப் பதிவு இல்லாத குடும்பங்களின் விண்ணப்பங்களை ஒன்றாகத் திரட்டிப் பதிவாளரிடம் சேர்ப்பிக்கலாம். துணையாள் இல்லாமல் நெய்ய இயலாத தறிகளுக்கு வயது வந்த துணையாளின் கூலியையும் சேர்த்து நெசவுக்கூலியை நிர்ணயிக்கலாம். இந்த இறுதிச் செயல் எல்லாவற்றினும் பெரிது. பெரியவரை அமர்த்தக் கட்டுப்படியாகாத கூலியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அமர்த்தாதே என்று மட்டும் சொல்லுவது வெறும் உபதேசமாகவே நிற்கும்.

நல்ல பாவு வேண்டுமென்றால் இழையை ஒவ்வொன்றாகப் பார்த்தே ஓட்டுகின்றோம். நல்ல விளைச்சல் வேண்டுமென்றால் விதையைப் பொறுக்கியே விதைக்கின்றோம். நம் தறிக்கும் நிலத்துக்கும் வரும் ஆளின் வயதைப் பார்ப்பதற்கு அதைவிடக் குறைந்த கவனம் போதும் என்று எவரும் கருதமாட்டார். பிறந்த தேதியைக் கேட்டு, சான்றைப் பார்த்து, படி எடுத்து, பதிவேட்டில் எழுதுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். அடுத்த முறை புதிய முகம் ஒன்று வேலை கேட்டு வரும்போது, கூலி பேசுமுன் அக்கால் மணி நேரத்தைச் செலவிடுங்கள்.